சிறு குழந்தைகளுடன் இரண்டு நாள் நகரச் சுற்றுலா: செம்பட்டியிலிருந்து மதுரை

வெப்பமண்டல ஊர்களில் வெளியே நடமாடத் தகுந்த நேரம் காலையில் சில மணி, மாலையில் சில மணி மட்டுமே. சிறு குழந்தைகளுடன் செல்லும் நகரச் சுற்றுலாவில் அந்த நேரத்துக்குள் எத்தனை இடங்கள் அடங்குமோ, அத்தனையை மட்டுமே திட்டத்தில் சேர்க்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சென்று ஓர் இரவு தங்கிவரும் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பார்ப்போம்.

வெயிலும் குழந்தையின் உடலும்

மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே உள்ளது. அதனால் ஆண்டில் இருமுறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த கம்பின் நிழல் அப்போது அதன் அடியிலேயே அடங்கிவிடும். மற்ற மாதங்களிலும் நண்பகல் நிழல் குறுகியதே. சுவரோரம் ஒதுங்கினாலும் வெயில் விடாது.

பெரியவர்களைவிடக் குழந்தைகள் விரைவில் சூடேறுவார்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல் பரப்பு அதிகம், வியர்வையோ குறைவு. தாகத்தைச் சொல்லத் தெரியாத வயது என்றால் ஆபத்து இன்னும் கூடும். வாய் உலர்தல், அழும்போது கண்ணீர் வராமை, சிறுநீர் குறைந்து மஞ்சளாதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவை நீரிழப்பின் அறிகுறிகள். உடல் நெருப்பாகக் கொதித்து, நினைவு தடுமாறினால் அல்லது வலிப்பு வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும்; 108-ஐ அழைக்க வேண்டும். நிறுத்திய காருக்குள் குழந்தையைச் சில நிமிடங்கள்கூடத் தனியே விடக்கூடாது.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் இக்காலத்தில் வருகின்றன. ஆனால் ஐயப்ப பக்தர்கள் மதுரைக்கு வருவதும் அப்போதுதான். எனவே சனி, ஞாயிறு அல்லாத வார நாள்கள் நல்லவை.

சித்திரைத் திருவிழாவைக் கைக்குழந்தையுடன் நேரில் காணச் செல்லாமல் இருப்பதே நல்லது. 2022 ஏப்ரல் 16 அன்று, கள்ளழகர் வைகையில் எழுந்தருளிய வேளையில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். தோளில் குழந்தையுடன் நிற்பவரால் அத்தகைய கூட்டத்தில் திரும்பக்கூட முடியாது.

பயணமும் தங்குமிடமும்

செம்பட்டியில் ரயில் நிலையம் இல்லை. நிலக்கோட்டை வழியாகவோ திண்டுக்கல் வழியாகவோ பேருந்தில்தான் செல்ல வேண்டும். நிலக்கோட்டை வழியில் தொலைவு சுமார் 60 கி.மீ. இத்திசைப் பேருந்துகள் மதுரையில் ஆரப்பாளையம் நிலையத்தில் நிற்கும். அரசுப் பேருந்தில் 5 வயது வரை கட்டணம் இல்லை. 12 வயது வரை அரைக் கட்டணம்.

சிறு குழந்தையுடன் செல்பவருக்கு விடுதி அறை இரவுக்கு மட்டுமல்ல, பகல் உறக்கத்துக்கும் தேவை. ஆகவே பார்க்கும் இடங்களுக்கு அருகிலேயே அறை எடுக்க வேண்டும். கோவிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பகுதியில் விடுதிகள் மிகுதி. 24 மணி நேரக் கணக்கா, நண்பகல் 12 மணிக் கணக்கா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். 24 மணி நேரக் கணக்கில் காலை 9 மணிக்கு அறை எடுத்தால், மறுநாள் 9 மணிக்குக் காலி செய்ய வேண்டியிருக்கும். அன்று பகலில் குழந்தை எங்கே தூங்கும் என்பதை அதற்கேற்ப முடிவு செய்யலாம்.

மாதிரித் திட்டம்

முதல் நாள் காலை: விடியலில் புறப்பட்டு, அறையில் பையை வைத்துவிட்டு, காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த இதை 1959-இல் நேரு திறந்துவைத்தார். பெரும்பகுதி கூரைக்கு அடியில் என்பதால் முற்பகலுக்கு ஏற்றது. காந்தி அரையாடை உடுத்தத் தொடங்கியது 1921-இல் இதே மதுரையில்தான் என்பதைப் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

முதல் நாள் பகல்: 12 முதல் 4 மணி வரை அறையில் உணவும் உறக்கமும்.

முதல் நாள் மாலை: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஓடியாட இடம் உண்டு. தண்ணீர் இருப்பதால் பிள்ளையின் கையை விடக்கூடாது.

இரண்டாம் நாள் காலை: 6 மணியளவில் மீனாட்சி அம்மன் கோவில். 9 மணிக்குமேல் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டப்பட்ட இம்மாளிகை கோவிலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

இரண்டாம் நாள் பகல்: அறை இல்லையென்றால் 11 மணிக்குள் ஊர் திரும்பலாம்; குழந்தைகள் பேருந்தில் உறங்கிவிடுவார்கள். அல்லது புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் இருந்துவிட்டு மாலையில் கிளம்பலாம்.

நான்கு இடங்கள்தாம். குழந்தை அடம்பிடித்தால் அவற்றிலும் ஒன்றை விட்டுவிடலாம். எல்லா இடங்களின் விடுமுறை நாளையும் நேரத்தையும் புறப்படும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கோவிலுக்குள் கவனிக்க வேண்டியவை

கோவில் நண்பகலில் நடை சாத்தப்பட்டு, மாலையில் மீண்டும் திறக்கும். கருங்கல் தளம் வெயிலேறச் சுடும். பிஞ்சுப் பாதங்களுக்கு விடியற்காலையே உகந்தது.

2018 பிப்ரவரியில் நடந்த தீ விபத்தை அடுத்து, நீதிமன்ற உத்தரவின்படி உள்ளே கைப்பேசிக்குத் தடை உள்ளது. பிரிந்துவிட்டால் அழைத்துப் பேச வழியில்லை. எனவே:

- பெற்றோரின் பெயரும், வெளியே இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணும் எழுதிய சீட்டைக் குழந்தையின் சட்டைப்பையில் வைக்கவும்.
- நான்கு பெரிய கோபுரங்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நுழைந்த கோபுரம் கிழக்கா, தெற்கா என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு, பிரிந்தால் அங்கே கூடவும். செருப்பும் அங்கேதான் இருக்கும்.
- ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பாக ஒரு பெரியவரைக் குறிப்பிடவும். "எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்ப்பதில்லை.
- குழந்தை காணாமற்போனால் கோவில் காவலர்களிடம் உடனே சொல்லவும். குழந்தைகள் உதவி எண் 1098.

நீரும் உணவும்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் போதும். தண்ணீர் தேவையில்லை, அடிக்கடி பாலூட்ட வேண்டும். மற்றவர்களுக்குக் கொதித்து ஆறிய நீரைக் கையோடு எடுத்துச் செல்லலாம். ஆவி பறக்கும் இட்லி, இடியாப்பம் நல்லது. ஜிகர்தண்டாவை மாலையில், சுத்தமான கடையில், சிறிதளவு தரலாம்.

வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டைப் பையில் வைத்துக்கொள்ளவும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைத்தால் உப்பின் அளவு மாறும். சர்க்கரை மிகுந்த பெட்டிப் பானங்கள் இதற்கு மாற்றாகா. உரிய சேர்மானம் இல்லாத பானங்கள் "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரைத் தாங்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு பகலில் கடிப்பது. வெளியே செல்லும்போது முழுக்கை பருத்திச் சட்டை அணிவித்தால் கொசுவுக்கும் வெயிலுக்கும் சேர்த்தே பாதுகாப்பு.