இறந்த காலம் தெரியாமல் பட்ட பாடு!

"அறுபது வயசுக்கு மேல் புது பாஷை எதுக்கு?" என்றுதான் நானும் சொல்லிக் கொண்டிருந்தேன், அந்த வியாழக்கிழமை வரும் வரைக்கும்!

என் மகளும் மாப்பிள்ளையும் மெக்ஸிகோவில், குவாதலஹாரா நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு வயசுப் பேத்தியைப் பார்த்துக் கொள்ளப் போயிருந்தேன். அங்கே எங்கும் ஸ்பானிஷ்தான். காய்கறி வாங்கப் பத்து வார்த்தை கற்றுக் கொண்டு, அது போதும் என்று இருந்து விட்டேன்.

அன்று காலை, ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து மேஜை மேல் வைத்து விட்டுத் தண்ணீர் கொண்டு வர உள்ளே போனேன். திரும்பி வந்தால் மாத்திரையைக் காணோம். குழந்தையின் உதட்டில் வெள்ளைப் பொடி! மகள் போனை எடுக்கவில்லை. மாத்திரை அட்டையோடு குழந்தையையும் தூக்கிக் கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன்.

நர்ஸிடம் அட்டையைக் காட்டி, "தோமோ பஸ்தீயா! தோமோ பஸ்தீயா!" என்று கத்தினேன். அவள் என்னை உட்கார வைத்து, என் கையில் பிரஷர் கருவியைச் சுற்ற ஆரம்பித்தாள்!

'தோமோ' என்றால் 'நான் சாப்பிடுகிறேன்'. முதல் எழுத்தைக் குறுக்கி, கடைசி எழுத்தை அழுத்தி 'தொமோ' என்றால்தான் 'அவள் சாப்பிட்டாள்'. எனக்கு எங்கே தெரியும்? குழந்தையின் வாயைத் திறந்து காட்டி அழுதேன். நர்ஸின் முகம் மாறியது. "தொமோ?" என்றாள். அதன் பிறகு ஒரு நிமிஷம் வீணாகவில்லை. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

மறுவாரமே மாடி வீட்டு அம்மாளிடம் பாடத்துக்குப் போனேன். ஓய்வு பெற்ற டீச்சர். 'தொமார்' என்ற வினையிலேயே ஆரம்பித்தார். தொமே, நான் சாப்பிட்டேன். தொமாஸ்தே, நீ சாப்பிட்டாய். தொமோ, அவன் அல்லது அவள் சாப்பிட்டாள். தொமாமோஸ், நாங்கள் சாப்பிட்டோம். தொமாரோன், அவர்கள் சாப்பிட்டார்கள். 'அட, நம்ம தமிழ் மாதிரியே!' என்று தோன்றியது. 'சாப்பிட்டேன்' என்றாலே 'நான்' என்பது தெரிகிறதே, அதே போலத்தான். ஆண், பெண் வித்தியாசம் மட்டும் வினையில் கிடையாது.

'ஏர்', 'ஈர்' என்று முடியும் வினைகளுக்கு வேறு விகுதி. கொமேர் என்றால் உண்பது: கொமீ, கொமீஸ்தே, கொமியோ, கொமீமோஸ், கொமியேரோன். அடம் பிடிக்கும் வினைகளும் உண்டு. 'ஃபுயீ' என்றால் 'போனேன்' என்றும் அர்த்தம், 'இருந்தேன்' என்றும் அர்த்தம். இடம் பார்த்துப் புரிந்து கொள்ள வேண்டும்!

எனக்கு மலைப்பாக இருந்தது இரண்டு இறந்த காலங்கள்தான். நடந்து முடிந்ததற்கு ஒன்று. நடந்து கொண்டிருந்ததற்கும், வழக்கமாக நடந்ததற்கும் இன்னொன்று. 'தொமாபா' என்றால் 'சாப்பிட்டுக் கொண்டிருந்தாள்', 'அப்போதெல்லாம் சாப்பிடுவாள்'. இந்த இரண்டாவது வகையில் விதிக்கு அடங்காத வினைகள் மூன்றே மூன்று என்று டீச்சர் சொன்னதும் தெம்பு வந்தது. சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் தினம் ஒரு வினை எழுதி, பாத்திரம் தேய்க்கும்போது வாய் விட்டுச் சொன்னேன். கோலம் மாதிரிதான், கை பழகினால் புள்ளி தானே சேரும்.

ஒரு மாதம் கழித்து அதே நர்ஸிடம் போய் நின்றேன். "குழந்தை ஹுகாபா, மாத்திரையைத் தொமோ" என்று, விளையாடிக் கொண்டிருந்தாள், சாப்பிட்டு விட்டாள் என்ற இரண்டையும் சரியாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் கொண்டாள்.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு தங்கப் போகும் சகோதரிகளே, 'வேண்டும்', 'எவ்வளவு' மட்டும் போதாது. 'என்ன நடந்தது' என்று சொல்லவும் கற்றுக் கொண்டு போங்கள். மாத்திரையை எடுத்தால் உடனே வாயில் போடுங்கள். மேஜை மேல் வைக்காதீர்கள். நான் பட்டது போதும்!