ஸ்கூட்டர்களில் தொடர் மாறுவிகிதச் செலுத்தம்: எஞ்சின் கொள்ளளவுக்கேற்ற சீரமைப்பு – ஜெகதாப்பட்டினக் கடலோரச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
ஸ்கூட்டரின் சி.வி.டி. அமைப்பைச் சீரமைப்பது எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதன்று. எஞ்சின் எந்தச் சுழல்வேகத்தில் உழைக்க வேண்டும் என்பதை வரையறுப்பதே ஆகும். இதனைக் கொள்ளளவு, சுமை ஆகியவற்றின் அடிப்படையில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சி.வி.டி., ரோலர், முறுக்குவிசை, சுழல்வேகம், ஜெகதாப்பட்டினம்.

முன்னுரை
புதுக்கோட்டை மாவட்டத்தின் விசைப்படகு மீன்பிடித் தளங்களுள் ஜெகதாப்பட்டினமும் ஒன்று. இக்கடலோரம் சமதளமானது. ஆகவே மீன்கூடையும் பனிக்கட்டியும் ஏற்றிய இருசக்கர ஊர்திக்கு மேடேறுவது இங்குச் சிக்கலன்று. சுமையோடு நின்று நின்று புறப்படுவதே சிக்கலாகும். தமிழகக் கடலோரங்களில் மீன் விற்பனைக்குப் பெரிதும் பயன்படும் மொபெட் வகையைச் சேர்ந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 (99.7 கன செ.மீ.) ஊர்தியில் மையவிலக்குக் கிளட்சும் மாறாத ஒற்றை விகிதமும் உள்ளன. ஸ்கூட்டரில் விகிதம் தானாக மாறுகிறது; அம்மாற்றம் எப்போது நிகழ்வது என்பதையே சீரமைப்பு முடிவு செய்கிறது.

செயற்படும் முறை
1958இல் நெதர்லாந்தின் டாஃப் 600 மகிழுந்தில் வந்த இம்முறை, 1984இல் கைனடிக் ஹோண்டா வழியாக இந்திய ஸ்கூட்டருக்கு வந்தது. எஞ்சின் தண்டிலுள்ள முன்புல்லியில் ரோலர்கள் சுழலும்போது மையவிலக்கு விசையால் வெளிநோக்கி நகர்ந்து புல்லித் தட்டை நெருக்குகின்றன. பெல்ட் மேலேறி விகிதம் உயர்கிறது. பின்புல்லியின் ஸ்பிரிங் இதனை எதிர்க்கிறது. சுமை கூடும்போது அப்புல்லியிலுள்ள முறுக்குவிசைச் சரிவுப்பள்ளம் தட்டுகளை இறுக்கிப் பெல்ட்டைத் தாழ்விகிதத்திற்குத் திருப்புகிறது.

கொள்ளளவும் ரோலர் எடையும்
மையவிலக்கு விசை எடைக்கு நேர்விகிதத்திலும் சுழல்வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். எனவே பிற கூறுகள் மாறாதபோது ரோலர் எடையை 10 விழுக்காடு குறைத்தால், விகிதம் மாறும் சுழல்வேகம் ஏறத்தாழ 5 விழுக்காடு உயரும். நிமிடத்திற்கு 6000 சுழற்சி என்பது ஏறக்குறைய 6300 ஆகும்.

ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 கன செ.மீ., 2013இல் அறிமுகமான முதல் தலைமுறை ஜூபிடர் 109.7 கன செ.மீ., 2018இல் வந்த என்டார்க் 124.8 கன செ.மீ. கொள்ளளவு உடையவை. சிறிய எஞ்சினின் முறுக்குவிசை குறைவு. தேவையான திறனைத் தர அது வேகமாகச் சுழல வேண்டும். அதற்கு எடை குறைந்த ரோலர் ஏற்றது. பெரிய எஞ்சினின் மிகுந்த முறுக்குவிசை பின்புல்லியை வலுவாக இறுக்குவதால், அதனை வெல்ல எடை மிகுந்த ரோலர் தேவைப்படுகிறது. எனினும் புல்லி விட்டமும் சரிவுக் கோணமும் மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதால், ஒன்றின் எடையளவை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தலாகாது. மணலில் ஓடும் பொழுதுபோக்கு நாற்சக்கர ஊர்திகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

சுமைக்கேற்ற சீரமைப்பு
சுமையேற்றும் ஸ்கூட்டருக்குச் சற்றே எடை குறைந்த ரோலர் புறப்பாட்டை எளிதாக்கும். எரிபொருள் செலவு கூடலாம். ரோலர் கனமாயின் விகிதம் முன்னதாக உயர்ந்து எஞ்சின் திணறும். விறைப்பான ஸ்பிரிங் பெல்ட் நழுவுவதைத் தடுக்கும். ஆனால் அளவு மீறினால் உராய்வும் வெப்பமும் பெருகிப் பெல்ட்டின் ஆயுள் குறையும். வழியில் பெல்ட் அறுந்தால் பயணம் நிற்பதோடு பனிக்கட்டி உருகி மீனும் கெடும். கடலோர மணற்றூசி குளிர்காற்றோடு பெட்டிக்குள் புகுந்தால் ரோலர்கள் தட்டையாகத் தேயும். தேய்ந்த ரோலர் சீராக நகராது. ஆதலின் எடையை மாற்றுமுன் தேய்மானத்தை ஆராய வேண்டும்.

முடிவுரை
ரோலரும் ஸ்பிரிங்கும் எஞ்சினுக்கு இல்லாத வலிமையைத் தருவதில்லை. உள்ள வலிமை எங்கே செலவாக வேண்டும் என்பதையே முடிவு செய்கின்றன. எனவே சீரமைப்பு, கொள்ளளவை மட்டுமன்றி அன்றாடச் சுமையையும் கணக்கிற்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கூறு மட்டும் மாற்றிச் சோதிக்கப்பட வேண்டும்.