மேடை கண்ட நூற்றாண்டு – 14: இஸ்திரி மேசையும் கோபக்கார இளைஞனும்

1956 மே 8. லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் திரை விலகியது. கூரைக்கு அடியில் ஓர் ஒண்டுக்குடித்தன அறை. ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆண்கள் இருவர் பேப்பருக்குள் தலையை நுழைத்திருக்கிறார்கள். ஒரு பெண், புருஷனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு துணி தேய்க்கிறாள்.

அதுவரை லண்டன் மேடை என்றால் பணக்கார வீட்டு வரவேற்பறைதான். இஸ்திரி மேசையைப் பார்த்ததுமே பலர் முகம் சுளித்திருப்பார்கள். நாடகம் 'லுக் பேக் இன் ஆங்கர்'. எழுதிய ஜான் ஆஸ்பர்னுக்கு 26 வயது. ஊர் ஊராகச் சுற்றிய நாடகக் கம்பெனிகளில் நடித்தவர். தாய் மதுக்கடைப் பணிப்பெண்.

கதாநாயகன் ஜிம்மி போர்ட்டரின் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உயர்நிலைப் பள்ளியை இலவசமாக்கியது. 1945-இல் லேபர் கட்சி ஆட்சி, 1948-இல் இலவச மருத்துவம். இனி எல்லோரும் சமம் என்று நம்பிப் படித்து முடித்த பையன்கள் நிமிர்ந்து பார்த்தால், நாற்காலிகளில் பழைய ஆட்களே. அன்றைய பிரதமர் ஆண்டனி ஈடனே ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டு வார்ப்பு. ஜிம்மியும் பட்டதாரிதான், ஆனால் ஆக்ஸ்போர்டு அல்ல. பிழைப்பு, சந்தையில் மிட்டாய்க் கடை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டுத் திரும்பிய அப்பா மாதக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோது, அவர் பேச்சைக் கேட்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பத்து வயது ஜிம்மி மட்டும்.

இவ்வளவு நியாயமான கோபம் போய் விழுவது யார் மேல்? மனைவி அலிசன் மேல்! அவள் கர்னல் வீட்டுப் பெண். அவளை வளர்த்த வர்க்கத்தை எட்டிப் பிடிக்க முடியாதவன், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவளை வார்த்தையால் கிழிக்கிறான். முதல் அங்கத்தில் நண்பன் கிளிஃபோடு கட்டிப் புரண்டு இஸ்திரி மேசையில் போய் மோதுகிறான். சூடான இஸ்திரிப் பெட்டி அலிசன் கையில் பட்டுவிடுகிறது. மூன்றாம் அங்கம் தொடங்கும்போது அலிசன் அங்கே இல்லை. அதே மேசையில் அவளுடைய தோழி ஹெலனா தேய்த்துக்கொண்டிருக்கிறாள், அவளும் ஜிம்மியின் சட்டையில். ஆள் மாறியது, வேலை மாறவில்லை. வர்க்கத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவனின் சட்டையை யார் தேய்ப்பது என்ற கேள்வி அந்த வீட்டில் எழவே இல்லை. ஆஸ்பர்ன் இதை அறிந்தே எழுதினாரா? பாதிதான் அறிந்திருந்தார் என்பது என் கணிப்பு.

ஆச்சரியம், அலிசனின் அப்பா கர்னல் ரெட்ஃபெர்ன். இந்தியாவில் ஒரு மகாராஜாவின் படையை நடத்தியவர், 1947-இல் மூட்டை கட்டித் திரும்பியவர். ஜிம்மி வெறுக்கும் பேரரசின் எச்சம். ஆனால் ஆஸ்பர்ன் அவரைக் கோமாளியாக்கவில்லை. நாடகத்திலேயே நிதானமாகப் பேசுகிற மனிதர் அவர்தான். பழைய உலகம் போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம். புது உலகம் வரவில்லையே என்று மருமகனுக்கு எரிச்சல்.

முதல் விமர்சனங்களில் பல கைவிட்டன. 'அப்சர்வர்' இதழில் கென்னத் டைனன் கொண்டாடி எழுதினார். ஆனாலும் கூட்டத்தைக் கொண்டுவந்தது, அக்டோபரில் பி.பி.சி. தொலைக்காட்சி காட்டிய ஒரு பகுதிதான். நாடக அரங்கின் பக்கமே வராத இளைஞர்கள் டிக்கெட்டுக்கு வந்தார்கள். தியேட்டரின் விளம்பர அலுவலர் போகிறபோக்கில் சொன்ன 'கோபக்கார இளைஞன்' என்ற பட்டம் ஒரு தலைமுறைக்கே ஒட்டிக்கொண்டது.

இளைஞன் சரி, இளைஞி? 1958-இல் சால்ஃபோர்டு என்ற ஆலை நகரத்திலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தி தன் முதல் நாடகத்தோடு லண்டனுக்கு வந்தாள். பெயர் ஷீலா டெலானி. டெரன்ஸ் ராட்டிகனின் நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்று உட்கார்ந்தவள். ஜிம்மியைப் போல அவள் கத்தவில்லை. என்னைக் கேட்டால், அவளுடைய நாடகமே கூடுதல் துணிச்சல். அடுத்த வாரம் அவளைப் பார்ப்போம்.