மூடிய அறை

பத்து காஜா அருகே குன்றின்மேல் நிற்கும் கெல்லி மாளிகையை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1890-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்ட முதலாளி, 1915-இல் கட்டத் தொடங்கிய வீடு அது. அதற்காக உழைத்தவர்களில் நம் தமிழர்கள் பலர். விஷக்காய்ச்சலில் தொழிலாளர்கள் மாண்டபோது, அவர்கள் கேட்டபடி அருகில் மாரியம்மன் கோவிலும் எழுந்தது. 1926-இல் ஸ்மித் லிஸ்பனில் காலமானார். குடும்பம் சொத்தை விற்றது. வீடு முடிவுறாமலே பாழடைந்தது. பிற்பாடு அது சுற்றுலாத் தலமாயிற்று. சுரங்கப் பாதை, மறைவு அறை என்று அதைப் பற்றிக் கதைகள் ஏராளம்.

ஆறாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். "வீட்டில் இருப்பதைப் பிள்ளைகளிடமே மறைப்பார்களா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

அவள் இரட்டையரில் ஒருத்தி. பிறந்த வாரமே, பிள்ளையில்லாத பெரியம்மாவிடம் கொடுக்கப்பட்டவள். பெற்றவளைச் சித்தி என்றும், கூடப் பிறந்தவளைச் சித்தி மகள் என்றும் நினைத்தே வளர்ந்தாள். இருவருக்கும் முகஜாடை வேறு. ஒரே நாளில் பிறந்தது தற்செயல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். லயத்தில் எல்லாருக்கும் உண்மை தெரியும். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்த எனக்கும் தெரியும்.

பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போனார்கள். பிறப்புப் பத்திரத்திலிருந்த தாயின் பெயரைக் குமாஸ்தா உரக்கப் படித்தார். அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பு முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்கும் தெரியுமா, சார்?"

"தெரியும்மா."

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு மாதம் பெரியம்மா கையால் சாப்பிடவில்லை. பெற்றவள் வீட்டுப் படியும் மிதிக்கவில்லை. அவளோடு பேசியது கூடப் பிறந்தவள் ஒருத்திதான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு நாள், "பெரியம்மாவை இனி என்னன்னு கூப்பிடறது, சார்?" என்று கேட்டாள். "இத்தனை நாள் எப்படிக் கூப்பிட்டாயோ, அப்படியே," என்றேன். "அம்மா"வென்றுதான் அழைக்கிறாள்.

பிள்ளையைச் சொந்தத்துக்குக் கொடுப்பது குற்றமல்ல. வறுமையிலும் பாசத்திலும் நடப்பது. மறைப்பதுதான் வினை. விவரம் தெரியும் வயதிலேயே, மடியில் வைத்துக்கொண்டு, பெற்றவளும் வளர்த்தவளும் சேர்ந்தே சொல்லிவிடுங்கள். அரசாங்க முகப்பில் அந்நியர் வாயிலிருந்து அது வர வேண்டாம்.

இது பெற்றோருக்கு மட்டுமல்ல. பதிவேட்டை மூடி வைத்த என்னைப் போன்ற வாத்தியார்களுக்கும்தான்.