கோதுமைச் சீமையில் இரயில் ஊர்கள்



1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நம் நாட்டின் முதல் இரயில் ஓடியது. போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் என்று வழங்குகிறது. எட்டு மைல் தூரம். ஈயம் ஏற்றிச் செல்லப் போட்ட பாதை. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, உலகத்தின் மறுகோடியிலே, கனடா நாட்டு மலைப்பகுதியில் கிரெய்கெலாக்கி என்னும் இடத்தில் வேறொரு இரயில் பாதையின் கடைசி ஆணியை அடித்தார்கள். அது கனடாவின் கிழக்குப் பகுதியைப் பசிபிக் கடற்கரையோடு இணைத்த பாதை. மலைக்குக் கிழக்கே அந்தப் பாதையை ஒட்டி எழுந்த கோதுமை ஊர்களில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

மனிடோபா, சஸ்காச்சுவன், ஆல்பர்ட்டா என்ற மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் புல்வெளி அது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரம் அரிது. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரை குளிர் இறங்கும்.

அந்த நிலம் வெறும் நிலமாகக் கிடக்கவில்லை. கிரீ, பிளாக்ஃபுட் முதலான பூர்வகுடி மக்கள் காட்டெருமைகளை வேட்டையாடி அங்கே வாழ்ந்து வந்தார்கள். 1870களின் இறுதியில் அந்த எருமைக் கூட்டங்கள் அற்றுப்போயின. பசியோடு நின்ற மக்களை உடன்படிக்கைகள் மூலம் ஒதுக்கு நிலங்களுக்கு அனுப்பிவிட்டு, மீதி நிலத்தை அரசாங்கம் அளந்து கூறு போட்டது. 1881இல் கனடியன் பசிபிக் இரயில்வே நிறுவனத்துக்கு இரண்டரைக் கோடி டாலரும் இரண்டரைக் கோடி ஏக்கர் நிலமும் தருவதாக ஒப்பந்தம் ஆயிற்று. மேற்குப் பக்கத்து மலைகளைக் குடைந்து பாதை போட ஏறத்தாழ 15,000 சீனத் தொழிலாளர் வந்தனர். அவர்களுக்கு நாளுக்கு ஒரு டாலர் கூலி; சாப்பாட்டுச் செலவு அவர்களுடையதே. நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். பாதை முடிந்த அதே 1885இல், இனி வரும் ஒவ்வொரு சீனருக்கும் தலைக்கு 50 டாலர் வரி என்று சட்டம் வந்தது. 1903இல் அந்த வரி 500 டாலர் ஆனது. வேலை முடிந்ததும் வேலைக்காரனுக்குக் கதவைச் சாத்தும் வழக்கம் எந்தக் கண்டத்துக்கும் தனிச் சொந்தம் இல்லை போலும்!

பாதை தயார். இனி ஆள் வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டாலர் கட்டணம் செலுத்தினால் 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. மூன்று ஆண்டு அங்கே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், ஒரு பகுதியையாவது உழுது பயிரிட வேண்டும். அப்போதுதான் பட்டா. 160 ஏக்கர் என்றதும் நமக்கு வாய் பிளக்கிறது. ஆனால் வேர் பின்னிக் கிடந்த அந்தப் புல்தரையைக் கலப்பையால் கிழிப்பது என்பது உயிரைக் கொடுக்கிற வேலை. முதல் ஆண்டில் பலருக்கு வீடு கட்டப் பலகைகூட இல்லை. புல்தரையையே செங்கல் போல் வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால், வெளியே நின்ற பிறகும் வீட்டுக்குள் சொட்டிக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, உக்ரேன், ஜெர்மனி, ஐஸ்லாந்து என்று பல நாட்டு மக்கள் வந்தார்கள். குடியேறிகளுக்கென்று இருந்த இரயில் பெட்டியில் மரச்சட்ட இருக்கைகள். பெட்டியின் ஓரத்தில் ஓர் அடுப்பு. வழியெல்லாம் அதிலேயே சமைத்துக்கொண்டு, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு நாள்கணக்காகப் பயணம் செய்தார்கள். கப்பலின் அடித்தட்டில் வந்திறங்கிய நம் பாட்டன் பாட்டிமாரின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஊர் இருக்கும் இடத்துக்கு இரயில் வருவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே இரயில் போன வழியில் ஊர் முளைத்தது. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிக்கொண்டு வரும் விவசாயி அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கில் ஏழு மைல் முதல் பத்து மைலுக்கு ஒரு நிலையம் வைத்தார்கள். எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒரே வரைபடம்: தண்டவாளத்தை ஒட்டி ஒரு தெரு, அதற்குக் குறுக்கே கடைத்தெரு. கிராண்ட் டிரங்க் பசிபிக் என்ற இன்னொரு நிறுவனம், பெயர் யோசிக்கும் சிரமத்தையும் மிச்சப்படுத்திக்கொண்டது. ஆங்கில அரிச்சுவடி வரிசையிலேயே நிலையங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். ஐ என்ற எழுத்துக்கு இட்டூனா, ஜே எழுத்துக்கு ஜாஸ்மின், கே எழுத்துக்குக் கெல்லிஹர். எழுத்து தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து! ஜாஸ்மின் என்றால் நமக்கு மல்லிகை நினைவு வரும். அந்தப் பனிக்காட்டில் மல்லிகை எங்கே பூக்கும்?

நிலைய அதிகாரி குடும்பத்தோடு நிலையத்திலேயே, பெரும்பாலும் மாடியில் குடியிருந்தார். பயணச்சீட்டு விற்பவர் அவர்தாம். தந்தி அடிப்பவரும் அவர்தாம். ஊரில் சரியான நேரம் தெரிய வேண்டுமானால் அவருடைய கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். சற்றுத் தள்ளி, பாதை பராமரிக்கும் தொழிலாளர்களின் வீடு. கையால் இயக்கும் சிறு வண்டியில் ஏறி, தங்கள் பங்குக்கு உரிய சில மைல் தண்டவாளத்தைப் பனியிலும் வெயிலிலும் அவர்கள் சரிபார்த்து வந்தார்கள். பெண்களுக்குத் தனிமைதான் பெருந்துன்பம். பக்கத்து வீடு என்பது அரை மைலுக்கு அப்பால். இரயில் வரும் நாள் கடிதம் வரும் நாள். பட்டியல் புத்தகத்தைப் பார்த்து எழுதிப்போட்ட துணியும் காலணியும் வந்து இறங்கும் நாள். ஒன்றும் வாங்க இல்லாவிட்டாலும் மக்கள் நிலையத்துக்கு வந்து நின்றார்கள்.

இந்த ஊர்களில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிவது ஒரு கட்டடம்: தண்டவாளத்தின் ஓரத்தில் மரத்தால் கட்டிய உயரமான தானியக் களஞ்சியம். எலிவேட்டர் என்பார்கள். வண்டியோடு கோதுமையை எடை போட்டு, குழியில் கொட்டி, வாளிகள் கோத்த பட்டையால் மேலே ஏற்றி, அங்கிருந்து இரயில் பெட்டிக்குள் சரிய விடுவார்கள். எடை போடுகிறவர் களஞ்சியக்காரர். தரம் சொல்கிறவரும் அவரே. தூசிக்கும் களைவிதைக்கும் இவ்வளவு கழிவு என்று தீர்மானிக்கிறவரும் அவரே. பால் தராசின் முன் வாளியோடு நின்ற எவருக்கும் அந்த விவசாயியின் மனநிலை புரியும்.

பிடிக்காவிட்டால் களஞ்சியத்துக்குப் போகாமல் இருக்கலாமே என்றால், முடியாது. பெரிய களஞ்சியம் உள்ள ஊர்களில் விவசாயி நேரடியாகப் பெட்டியில் ஏற்ற இரயில் நிறுவனம் இடம் கொடுக்கவில்லை. காலமும் அவனை நெருக்கியது. கோதுமை சுப்பீரியர் ஏரிக்கரைத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். டிசம்பரில் ஏரி உறையத் தொடங்கும். அதற்குள் அனுப்பாவிட்டால் வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். கடன்காரன் காத்திருப்பானா?

விவசாயிகளின் கூக்குரலுக்குப் பிறகு 1900இல் மனிடோபா தானியச் சட்டம் வந்தது. அதன்படி விவசாயிகள் கேட்டால் ஏற்றுமேடை கட்டித் தர வேண்டும். மேடை கிடைத்தது; பெட்டி கிடைக்கவில்லை. 1901இல் விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வந்த பெட்டிகள் களஞ்சியங்களுக்கே போயின. விவசாயிகளின் கோதுமை தேங்கிக் கிடந்தது.

அந்த டிசம்பரில், ரெஜைனா நகருக்குக் கிழக்கே இந்தியன் ஹெட் என்ற சிற்றூரில் விவசாயிகள் ஒன்றுகூடினர். வில்லியம் மதர்வெல் என்பவர் முன்னின்றார். அங்கே பிறந்ததுதான் தானிய விவசாயிகள் சங்கம். அவர்கள் கேட்டது பெரிய சலுகை ஒன்றுமில்லை. ‘நிலையத்தில் ஒரு புத்தகம் இருக்கட்டும். பெட்டி வேண்டுவோர் பெயரை வரிசையாக எழுதுங்கள். களஞ்சியக்காரரோ விவசாயியோ, முதலில் எழுதியவருக்கு முதல் பெட்டி’ என்பதுதான் அவர்கள் கோரிக்கையின் சாரம். 1902இல் சட்டம் அப்படியே திருத்தப்பட்டது.

அந்த ஆண்டு அறுவடையிலும் பழைய வழக்கம் மாறவில்லை. சட்டம் தாளில் இருந்தது, பெட்டி களஞ்சியத்துக்குப் போயிற்று! சங்கம் சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஊராகிய சின்டலூட்டாவின் நிலைய அதிகாரி மீது வழக்குத் தொடுத்தது. மலையோடு மோதுகிறார்கள் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அதிகாரி குற்றவாளி என்று தீர்ப்பாகி, 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. ஐம்பது டாலர் அந்த நிறுவனத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் அதன் பிறகு நிலையத்துப் புத்தகத்தில் எழுதிய பெயருக்கு மதிப்பு வந்தது. நம்முடைய பார்வையில், கடைசி ஆணி அடித்த நாளைவிடப் பெரிய நாள் அந்தத் தீர்ப்பு வந்த நாள்தான்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. 1906இல் சின்டலூட்டாவைச் சேர்ந்த எட்வர்ட் பார்ட்ரிட்ஜ் முன்னின்று விவசாயிகளுக்கே சொந்தமான தானிய வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். 1920களில் சஸ்காச்சுவன் விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு தானே களஞ்சியங்களை நடத்தியது. தராசும் அவர்களுடையதாயிற்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் புத்தகம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. ஒதுக்கு நிலங்களில் பூர்வகுடி மக்களும் கோதுமை பயிரிட்டார்கள். தாங்கள் விளைத்ததை விற்க அவர்கள் அரசாங்க அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒதுக்கு நிலத்தை விட்டு வெளியே போகவும் ஒரு சீட்டு. சங்கம் வாதாடிய நியாயம் அவர்கள் வாசல் வரை போகவில்லை.

1930களில் அந்தப் புல்வெளியில் 5,700க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் இருந்தன. பிறகு லாரி வந்தது, நல்ல சாலை வந்தது. பத்து மைலுக்கு ஒரு நிலையம் தேவையற்றதாயிற்று. 1897 முதல் கோதுமைக்கு இருந்த சலுகைக் கட்டணம் 1995இல் அடியோடு நீங்கியது. கிளைப் பாதைகள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன, களஞ்சியங்கள் இடிக்கப்பட்டன, சில ஊர்களில் பெயர்ப்பலகையைத் தவிர மிச்சமில்லை. மனிடோபாவில் இங்லிஸ் என்ற சிற்றூரில் மட்டும் ஐந்து மரக் களஞ்சியங்களை வரிசை குலையாமல் நினைவுச் சின்னமாகக் காத்து வருகிறார்கள். அவற்றின் முன்னால் ஓடிய தண்டவாளம் இப்போது அங்கே இல்லை.