கலைக்கும் அதிகாரமும் அதன் எல்லையும்

பொதுவிதி ஒன்றிருக்க, அதனைக் குறுக்கிச் சிறப்புவிதி வருமாயின், சிறப்புவிதியே வலியுடைத்து என்பது இலக்கணம் பயிலும் மாணவர் நன்கறிந்தது. 2018ஆம் ஆண்டிலே இலங்கை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்று ஏறக்குறைய இவ்வினாவையே நாட்டின் அரசியலமைப்பின்மேல் எழுப்பிற்று.

அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். புதியவருக்குப் பெரும்பான்மை கிட்டாதிருந்த நிலையில், நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்துப் பிரகடனஞ் செய்தார். இரா. சம்பந்தன் முதலானோர் இதனை எதிர்த்து மனுச் செய்தனர்.

அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை, பாராளுமன்றத்தின் முதற் கூட்டத்திலிருந்து நாலரை ஆண்டு கழியுமுன் அதனைக் கலைத்தலாகாது என அன்று விலக்கியது. மொத்த உறுப்பினருள் மூன்றிலிரு பங்கினர் தீர்மானித்துக் கேட்டாலன்றி இவ்விலக்கு நீங்காதிருந்தது. அப்பாராளுமன்றம் முதலிற் கூடியது 2015 செப்டெம்பர் 1இல். எனவே 2020 மார்ச்சு வரை வாயில் அடைபட்டேயிருந்தது. அரச தரப்போ 33ஆம் உறுப்புரையைச் சுட்டியது. ஏனைய அதிகாரங்களுக்கு மேலதிகமாகச் சனாதிபதிக்குரியவை என அங்கு கூறப்பட்டவற்றுட் கலைத்தலும் ஒன்று. அங்கே கால எல்லை யாதும் இல்லை.

இவ்வாதம் மேலோட்டமாக நோக்குவார்க்கு வலியதாகவே தோன்றும். ஆயின் அதனை ஏற்பின் 70ஆம் உறுப்புரையின் விலக்கு வெற்றுச் சொல்லாய்விடும். எவரேனும் பூட்டிய கதவுக்கருகே பூட்டாத கதவொன்றையும் அமைப்பரோ? 33ஆம் உறுப்புரை அதிகாரத்தைப் பெயர்சுட்டிக் கூறுகின்றது. அதனைச் செலுத்தும் முறையை 70ஆம் உறுப்புரை வகுக்கின்றது. டிசெம்பர் 13இல் நீதியரசர் எழுவரும் ஒருமித்து இவ்வாறே முடிவுசெய்தனர். முடியரசர்க்கு இருந்தது போன்ற வரையறையற்ற தனியுரிமை சனாதிபதிக்கு இல்லை என்பதும் அத்தீர்ப்பின் கூறாகும்.

மக்களிடம் தீர்ப்புக் கேட்பதில் தவறென்ன என அக்காலத்துப் பலர் வினாவினர். வினா நேர்மையானதே. ஆயினும் தேர்தலின் காலத்தைத் தம் வசதிக்கேற்பத் தெரியும் உரிமை ஒருவர் கையிலிருப்பின், பாராளுமன்றம் அவரை அஞ்சியே இருக்கும். 1978ஆம் ஆண்டு அமைப்பிலே பொதுத் தேர்தலின் பின் ஓராண்டு கழிந்தாற் போதும். 2001 டிசெம்பரில் தெரிவான பாராளுமன்றம் 2004 பெப்ரவரியிற் கலைக்கப்பட்டமை அதனாலேயே இயன்றது. 2015இன் பத்தொன்பதாந் திருத்தம் அவ்வெல்லையை நாலரை ஆண்டாக நீட்டியது.

நீதிமன்றம் காத்த அந்த நாலரை ஆண்டும் நிலைக்கவில்லை. 2020இன் இருபதாந் திருத்தம் அதனை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022இன் இருபத்தோராந் திருத்தமும் அவ்வாறே விட்டது.