ஊசிக்கு முன் ஒரு பழுப்புச் சொட்டு

கண்ணுக்குள் ஊசி என்றாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனாலும் சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கியவர்களுக்கும், முதுமையில் அதன் நடுப்பகுதி பழுதானவர்களுக்கும் பார்வையைக் காப்பது இன்று பெரும்பாலும் அந்த ஊசிதான். கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி, மெல்லிய ஊசி வழியாக 0.05 மில்லி மருந்து உள்ளே போகும். ஒரு சொட்டு அளவுதான். வலி சொற்பம். பயப்பட வேண்டியது, இமையோரத்திலும் வெள்விழிச் சவ்விலும் குடியிருக்கும் பாக்டீரியா ஊசியோடு சேர்ந்து உள்ளே போவதற்குத்தான். பல நூறு, ஏன் ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றில்தான் உள்கண்ணில் தொற்று வருகிறது. வந்துவிட்டால் சில நாட்களில் பார்வையே போய்விடலாம். மாதாமாதம் ஊசிக்கு வருகிறவருக்கு அந்த ஆபத்து ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது.

அந்தக் கிருமி பெரும்பாலும் நோயாளியுடையதே. 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கண் அறுவைக்குப் பின் உள்கண் தொற்று வந்த 17 பேரில் 14 பேருக்கு, கண்ணுக்குள் கிடைத்த கிருமியும் அவர்கள் இமையிலோ சவ்விலோ மூக்கிலோ இருந்த கிருமியும் ஒன்றாகவே இருந்தன. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, அறுவைக்கு முன் 5 சதவீதப் போவிடோன் அயோடின் சொட்டு விட்டவர்களில் தொற்று 0.06 சதவீதம், வெள்ளிச்சேர்ம மருந்து விட்டவர்களில் 0.24 சதவீதம் என்று காட்டியது. ஊசிக்கு முன் கண்ணில் விடும் பழுப்புச் சொட்டும் இந்தப் போவிடோன் அயோடின்தான். புண்ணுக்குப் பூசும் பெட்டாடினில் இருப்பதும் இதே சரக்குதான், ஆனால் அது பெரும்பாலும் இரு மடங்கு அடர்த்தி. வேடிக்கை என்னவென்றால், போவிடோன் தன் பிடியில் வைத்திருக்கும் அயோடினை நீர்க்க நீர்க்கத்தான் விடுவிக்கிறது. அடர்த்தி கூடினால் வேகம் கூடும் என்ற நம் கணக்கு இங்கே எடுபடாது.

அப்படியானால் நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு எதற்கு? பல காலம் ஊசிக்கு முன்னும் பின்னும் அதைச் சில நாட்களுக்கு எழுதிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. இன்னும் கேட்டு வாங்கும் நோயாளிகள் உண்டு. நியாயமான ஆசைதான், ஆனால் மாதந்தோறும் சில நாள் என்பது கிருமிகளுக்குப் பயிற்சிக்கூடம் நடத்துவதாகிவிடுகிறது. திரும்பத் திரும்ப அச்சொட்டு விட்ட கண்களில் மருந்துக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் பெருகியதை 2011இல் வந்த ஆய்வு காட்டியது. அயோடின் மட்டும் விட்டவர்களில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. காரணம் எளிது: நுண்ணுயிர்க்கொல்லி கிருமியின் ஏதோ ஓர் உறுப்பைத்தான் குறிவைக்கும், அயோடினோ புரதம், உயிரணுச் சவ்வு என்று கண்டதையெல்லாம் ஆக்சிஜனேற்றிச் சிதைக்கும். ஒரு பூட்டை மாற்றித் தப்ப முடியாது.

எரிகிறதே என்ற புகார் பொய்யல்ல. வறண்ட கண்ணுக்கு அன்று இரவுவரை உறுத்தும். முன்கூட்டியே மரப்புச் சொட்டும், ஊசி முடிந்ததும் உப்புநீரால் நன்றாகக் கழுவுவதும் அதைக் குறைக்கும். மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்பதால் அயோடின் வேண்டாம் என்பது வேறு குழப்பம். அந்த ஒவ்வாமை மீன், இறாலின் புரதத்துக்கு, அயோடினுக்கல்ல. உண்மையாகவே தாங்க முடியாதவர்களுக்கு, ஆல்கஹால் கலக்காத, நீரில் கரைத்த மென்மையான குளோர்ஹெக்சிடின் உண்டு. கவனிக்க வேண்டியது வரிசை: மரப்புக்குக் கெட்டியான ஜெல் பூசிவிட்டு அயோடின் விட்டால் அது ஜெல்லின் மேலேயே நின்றுவிடும். அதனால் ஜெல்லுக்கு முன் ஒரு முறையும், அதைத் துடைத்த பின், ஊசி இறங்கும் இடத்தில் இன்னொரு முறையும் விட்டு, அரை நிமிடமாவது காத்திருக்கிறார்கள்.